ஹுஸ்னியின் பதினோரு கிலோ

"தொண்ணூறு கிலோ," என்றார் டாக்டர் மாஹிர். "அதுக்கு மேல இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அழுதாலும் சரி, காலைப் பிடிச்சாலும் சரி."

எடை மெஷின் மேல் என் கணவன் ஹுஸ்னி நின்றுகொண்டிருந்தான். மெஷினில் நூற்றொன்று. அவன் அதை நம்பாமல் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான். அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தான். பெண்கள் பள்ளியில் வருஷக்கணக்காக இயற்பியல் நடத்துகிறவள் நான். என் வீட்டுக்காரன் ஒற்றைக் காலில் நின்றால் எடை குறையும் என்று நினைக்கிறான். அந்த டாக்டர் முன்னால் எனக்கு மானமே போயிற்று.

விஷயம் இதுதான். ஹுஸ்னியின் தங்கை விதாத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, மெஷினில் மாட்டி, ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். குத்திக் குத்திக் கை நரம்பெல்லாம் ஒவ்வொன்றாக ஊசி ஏற்காமல் கையை விரித்துக்கொண்டு வந்தது. குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் பொருந்தியவன் ஹுஸ்னி ஒருவன்தான். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. இடுப்புச் சுற்றளவுதான் பொருந்தவில்லை.

"இது உங்க நல்லதுக்குத்தான்," என்றார் டாக்டர். "ஒத்தைக் கிட்னியோட மிச்சக் காலம் ஓட்டப்போற ஆள் நீங்க. இந்த உடம்போட கொடுத்தா, நாளைக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வந்து மிச்சமிருக்கிறதையும் தின்னுடும். அப்புறம் உங்களுக்கு யாரு கொடுப்பா?"

"எவ்வளவு நாள் இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"நாலு மாசம். ரமலானுக்கு முன்னாடி முடிச்சாகணும். அதுக்கு மேல அந்தம்மா கை தாங்காது."

வெளியே நடையில் விதாத் உட்கார்ந்திருந்தாள். ஒல்லிக் குச்சி, வாய் மட்டும் ஊர் அளவுக்கு. அண்ணனைப் பார்த்ததும், "என்னண்ணே, பாஸா ஃபெயிலா?" என்றாள்.

"பதினோரு கிலோவுல ஃபெயில்."

"ப்பூ, இவ்வளவுதானா! நான் ஒரு தடவை மெஷின்ல படுத்து எழுந்தா ரெண்டு கிலோ இறங்கிடுது. என் பக்கத்துல ஒரு கட்டில் போட்டுப் படு."

"உனக்கு இறங்கறது தண்ணி," என்றேன் நான். "இவன்கிட்ட இருக்கிறது கொழுப்பு. அதைக் குழாய் போட்டெல்லாம் இறக்க முடியாது. எரிக்கணும்."

விதாத் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அண்ணி, வேண்டாம். சாப்பாடுன்னா உயிரை விடற மனுஷன். இவரைப் பட்டினி போட்டு எனக்கு ஒரு கிட்னி வேணுமா? நான் பாட்டுக்கு மெஷினோட குடும்பம் நடத்திக்கிறேன்."

"வாயை மூடுடி," என்றேன். வேறு என்ன சொல்வது? அழுகை வரும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சுவரின் வெள்ளைச் சலவைக்கல்லில், பள்ளியிலிருந்து எடுத்துவந்த பேனாவால் பெரிதாக எழுத ஆரம்பித்தேன். ஹுஸ்னி முக்காலியில் உட்கார்ந்து, பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாக் கேட்டுக்கோ. ஒரு கிலோ கொழுப்புல ஏழாயிரத்து எழுநூறு கலோரி அடைஞ்சு கிடக்கு. பதினோரு கிலோன்னா எண்பத்து நாலாயிரத்து எழுநூறு. அதை நாலு மாசத்துக்குப் பங்கு போட்டா ஒரு நாளைக்கு ஏறக்குறைய எழுநூறு. நீ மூச்சு விட்டுக்கிட்டு, கடையில அங்கயும் இங்கயும் நடமாடிக்கிட்டு இருந்தாலே ரெண்டாயிரத்து அறுநூறு செலவாகுது. அதுல எழுநூறு போனா ஆயிரத்துத் தொள்ளாயிரம். அவ்வளவுதான் உன் வாய் வழியா உள்ளே போகலாம். மிச்சத்தை உன் தொப்பை கொடுக்கும்."

"அப்லா," என்றான். பள்ளியில் பிள்ளைகள் டீச்சர் என்று என்னைக் கூப்பிடும் சொல் அது. அவன் வாயில் வந்தால் கிண்டல். "அப்லா, ஒரு சந்தேகம். நான் வழக்கம் போலவே சாப்பிடறேன். சாயங்காலம் ஆத்தங்கரையில ஒரு மணி நேரம் நடக்கறேன். வர்ற வழியில மிட்டாய்க்கடையில ஒரே ஒரு துண்டு குனாஃபா. கணக்கு நேராயிடும்ல?"

"நடைக்கு முந்நூறு போகும். குனாஃபாவுல நானூறு வரும். நீ நடந்துட்டு வந்ததுல நூறு ஏறியிருக்கும்."

"யா அல்லாஹ்! ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்தும் ஒரு குனாஃபாவுக்குக் காணலையா? இது என்ன அநியாயம்?"

"உன் உடம்பு ரொம்பச் சிக்கனமான வண்டி. கொஞ்சம் எண்ணெய் ஊத்தினா ஊர் சுத்தி வந்துடும். நீ பீப்பாய் பீப்பாயா ஊத்தி வச்சிருக்கே."

அன்றிலிருந்து வீட்டில் என் ஆட்சி. அவரைப் பருப்பில் எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விட்டேன். ரொட்டி பாதியாயிற்று. வெள்ளிக்கிழமை வெங்காயம் அடைத்த வாத்து வைத்தேன், தோலை உரித்துவிட்டு. வாத்துக்குப் பேர்போன எங்கள் தமியாத் ஊர்க்காரனுக்குத் தோல் இல்லாத வாத்தைப் பரிமாறுவது சாதாரண விஷயம் இல்லை. ஹுஸ்னி தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்து, "இதுக்கு என்ன நோவு வந்துச்சு?" என்று கேட்டான். ஆனால் பேசாமல் சாப்பிட்டான். அதையும் சொல்லியாக வேண்டும்.

ஒரு மாதம் போயிற்று. என் கணக்குப்படி இரண்டரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். மெஷினில் ஏற்றி நிறுத்தினேன். நூறரை.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "எங்கடா தின்னே?"

"எங்கேயும் இல்ல."

"ஆற்றல் ஆகாசத்துல இருந்து குதிக்காது ஹுஸ்னி! எங்கேயோ உள்ளே போயிருக்கு. கடைக்கு எதிர்ல மிட்டாய்க்கடை இருக்கு. நான் பார்க்கலேன்னு மொக்கிக்கிட்டு இருக்கே. மெஷின் பொய் சொல்லாது."

"அல்லாஹ் மேல சத்தியமா ஒரு துணுக்குக்கூட வாயில வைக்கல."

"சத்தியம் பண்ணினா கலோரி கரையுமா?"

அவன் எழுந்து நின்றான். முகம் சிவந்துவிட்டது. "மத்த விஷயத்துல நான் திருடுவேன் தஹானி. உன் பர்ஸ்ல இருந்து சில்லறை எடுத்திருக்கேன், ஃபிரிஜ்ல இருந்து குனாஃபா எடுத்திருக்கேன். என் தங்கச்சி உயிர்ல திருடுவேனா?" போய்ப் படுத்துக்கொண்டான்.

எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நம்பவில்லை. மனுஷன் பொய் சொல்வான், எண் சொல்லாது. மறுநாள் பள்ளிக்கு விடுப்புப் போட்டேன். ஹுஸ்னி தொழுகைக்குப் போன நேரம் பார்த்து அவனுடைய மரச்சாமான் கடைக்குள் புகுந்து, படுக்கையறை செட்டுகள் வைத்திருக்கும் பின்பக்கத்தில், ஒரு பெரிய அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டேன். கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி வைத்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு.

ஹுஸ்னி வந்தான். கல்யாணப் பெண்ணின் அப்பா ஒருவர் வந்தார், சாப்பாட்டு மேசை வாங்க. எதிர்க் காப்பிக் கடைப் பையன் சக்லூல் தட்டில் டீயும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தான். எங்கள் தெருவில் டீ இல்லாமல் விலை பேசினால் அது பேச்சிலேயே சேர்த்தி இல்லை. வாங்குகிறவர் குடிக்கும்போது விற்கிறவன் சும்மா உட்கார்ந்திருந்தால், ஏதோ சொத்தை மரத்தைத் தலையில் கட்டப்போகிறான் என்று எழுந்து போய்விடுவார்கள். ஹுஸ்னி பலகாரத் தட்டை வந்தவர் பக்கம் தள்ளினான். தான் தொடவில்லை. அடுத்து ஒரு தம்பதி வந்தார்கள். தட்டு அவர்கள் பக்கம் போயிற்று. ஒரு துண்டு அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. அதைத் துணியில் துடைத்தான். நக்கக்கூட இல்லை!

மூன்றாவது ஆளும் வந்து போனார். அவன் வாயில் ஒரு பருக்கை போகவில்லை.

சக்லூல் காலிக் குவளைகளை எடுக்கப் பின்பக்கம் வந்தவன் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டான். "அப்லா! இதுக்குள்ள என்ன பண்றீங்க?"

"உஷ்! அளவு பார்க்கிறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப டீ குடிச்சுட்டுப் பாருங்க," என்று ஒரு குவளையையும் சர்க்கரைக் கிண்ணத்தையும் நீட்டினான். தாகமாகத்தான் இருந்தது. ஒரு கரண்டி போட்டேன். இரண்டு. மூன்று. நாலு. கலக்க ஆரம்பித்தேன்.

கலக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு கரண்டி இருபது கலோரி. நாலு கரண்டி எண்பது, ஹுஸ்னியும் நாலுதான் போடுவான். வாங்க வருகிற ஆளுக்கு ஒரு குவளை என்று அவனுக்குக் கடையில் மட்டும் ஒரு நாளைக்கு ஆறு போகும், வீட்டில் இரண்டு. எட்டு எண்பது அறுநூற்று நாற்பது! நான் தொப்பையிலிருந்து எடுக்கச் சொன்ன எழுநூறை, சக்லூல் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் டீயை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. ஏன், தண்ணீரில்கூடச் சேர்ப்பதில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ரொட்டி எழுதினேன், எண்ணெய் எழுதினேன், ஒரு பேரீச்சம்பழத்தைக்கூட விடவில்லை. டீயை எழுதத் தோன்றவே இல்லை எனக்கு. இயற்பியல் டீச்சராம்.

அலமாரியிலிருந்து குதித்தேன். "ஹுஸ்னி! டீ!"

முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் பயந்துபோய் "பிஸ்மில்லாஹ்" என்று எழுந்துவிட்டார். ஹுஸ்னி வாயைப் பிளந்தான். "நீ எந்த அலமாரியில இருந்து வர்றே?"

"அதை விடு. நீ திருடன் இல்ல. நான்தான் மடச்சி. உன் டீச் சர்க்கரையைக் கணக்குல சேர்க்கவே இல்ல."

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். முகத்தில் மெள்ள வெளிச்சம் வந்தது. "சக்லூல்," என்று உரக்கக் கூப்பிட்டான். "இங்க வாடா. அப்லா இப்ப ஒரு வார்த்தை சொன்னாங்க. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேளு."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் புதுக் கணக்குப் போட்டோம். ஒரு மாதம் வீணாயிற்று. மீதி மூன்று மாதத்தில் பத்தரைக் கிலோ. அப்படியானால் நாளுக்குத் தொள்ளாயிரம். சர்க்கரையை நிறுத்தினால் பெரும்பங்கு கைக்கு வந்துவிடும், மிச்சத்துக்குச் சாயங்காலம் முக்கால் மணி நேர நடை. நானும் சர்க்கரையை விட்டேன். விடாவிட்டால் அவன் என்னை வாய் திறக்க விடுவானா?

"சர்க்கரை இல்லாத டீயை நான் குடிக்க மாட்டேன்," என்றான் ஹுஸ்னி. "அது பாத்திரம் கழுவின தண்ணி. வேணும்னா காப்பி சாதாவா குடிக்கிறேன். காப்பியாவது 'நான் கசப்பு'ன்னு ஒத்துக்கிட்டுக் கசக்குது."

சரி என்றேன். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கம் சர்க்கரை போடாத காப்பியைச் சாவு வீட்டில்தான் கொடுப்பார்கள். கல்யாணமோ பிள்ளைப்பேறோ வியாபாரமோ, எதுவானாலும் இனிப்பு. துக்கம் கேட்க வருகிறவர் கையில் மட்டும்தான் சாதா. ஹுஸ்னி அதைக் குடிக்கிறபோது அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தால் சந்தேகமே வராது. முதல் நாளே ஒரு பழைய வாடிக்கையாளர் குவளையைப் பார்த்துவிட்டு, மேசை விலையை அப்படியே விட்டுவிட்டு, அவன் தோளைத் தொட்டு, "மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும், ஹாஜி," என்று துக்கம் கேட்டிருக்கிறார்.

அதற்கு இவன் என்ன சொல்ல வேண்டும்? 'யாரும் சாகலைங்க' என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். "உங்க ஆயுசும் நீளட்டும்," என்று சொல்லித் தொலைத்துவிட்டான். முடிந்தது. துக்கம் உறுதியாகிவிட்டது.

"அப்புறமாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"எப்படிச் சொல்றது? கிட்னி கொடுக்கப் போறேன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி ஊரெல்லாம் சொன்னா கண்ணு படாது? நீ படிச்சவ, உனக்குக் கண்ணு காதெல்லாம் கிடையாது. எனக்கு உண்டு. என் தங்கச்சி விஷயத்துல நான் துணிய மாட்டேன்."

எடை இறங்க ஆரம்பித்தது. வாரத்துக்கு வாரம் என் கணக்கும் மெஷினும் கைகோத்துக்கொண்டு வந்தன. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் ஹுஸ்னியின் கன்னம் ஒட்டிப்போயிற்று, கண் உள்ளே போயிற்று, சட்டை தொளதொளவென்று தொங்கியது. தெருவில் பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவனுக்கு நோயாளித் தங்கை ஒருத்தி ஆற்று முகத்துவாரத்தில் இஸ்பத் அல்-புர்க் என்ற ஊரில் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் விதாத் போன் செய்தாள்.

"அண்ணி," என்றாள். "நான் செத்துட்டேன்."

"என்னடி சொல்றே? எங்க இருக்கே? ஆஸ்பத்திரியா?"

"வீட்டுலதான். உங்க தெருவுல இருந்து மூணு பொம்பளைங்க, தலையில இருந்து கால் வரைக்கும் கறுப்பு. கதவைத் திறந்தா ஒருத்தி என்னைக் கட்டிப் பிடிச்சு, 'ஐயோ, விதாத் எவ்வளவு நல்லவ!'ன்னு ஒரே அழுகை. அவ என்னைப் பார்த்ததே இல்ல. வீட்டு வேலைக்காரின்னு நெனச்சுட்டா."

"நீ என்ன சொன்னே?"

"'ஆமா, ரொம்ப நல்லவதான்'னு சொன்னேன். வேற யாரு சொல்லப் போறா? அப்புறம் 'கஷ்டப்பட்டாளா?'ன்னு கேட்டாங்க. 'இன்னும் பட்டுக்கிட்டுதான் இருக்கா, உக்காருங்க, காப்பி போடறேன்'னேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"விதாத்?"

"அண்ணி, நிஜமாவா? அண்ணன் சாதா குடிக்கிறாரா? தினமுமா?" குரல் மாறியிருந்தது. "நான் கேட்டப்பல்லாம் 'எடை தானா இறங்குதும்மா, எனக்கு ஒண்ணும் கஷ்டமே இல்ல'ன்னாரே. சின்ன வயசுல ஜுரத்துக்கு மருந்து கொடுத்தா, முதல்ல சர்க்கரை டப்பாவைக் காட்டுன்னு அடம் பிடிச்சவரு. வந்தவங்க சொன்னாங்க, கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கா முழுங்குறாராமே. பார்க்கவே சகிக்கலையாமே."

"ஆமாம்," என்றேன். மறைப்பானேன்?

"நாளைக்கு வர்றேன்," என்று வைத்துவிட்டாள்.

வந்தாள். மஞ்சள் சட்டை, உதட்டில் சாயம், கையில் கட்டு. கடை வாசலில் பார்வைக்கு வைத்திருந்த தங்கப் பூப்போட்ட சோபாவில் போய் நடுநாயகமாக உட்கார்ந்தாள். தெருவே நின்று பார்த்தது. கறுப்பு உடுத்திப் போன மூன்று பேரில் ஒருத்தி கடை வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சக்லூல்!" என்று விதாத் கூவினாள். "ஒரு டீ. நாலு கரண்டி சர்க்கரை."

"உனக்குத் தண்ணி அளவு இருக்கேடி," என்றேன் பதறிக்கொண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்துக் குடிக்கிறவள் அவள். அந்தக் குவளை அவளுக்குப் பாதி நாள் தண்ணீர்.

"தெரியும் அண்ணி. இன்னிக்குத் தண்ணிய இதுக்குத்தான் செலவு பண்ணப் போறேன்." குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு எழுந்து நின்றாள். "எல்லாரும் பாருங்க. செத்துப்போன விதாத் நான்தான். இந்த மனுஷன் எனக்குக் கிட்னி கொடுக்கறதுக்காக இளைக்கிறார். அதுக்குத்தான் கசப்பு குடிக்கிறார். சாவுக்காக இல்ல!"

ஹுஸ்னி தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, ஏன்டி சொன்னே? கண்ணு படுமேடி!"

"படட்டும். எனக்காகப் பஸ் ஏறி வந்து அழுத கண்ணுங்க. அதெல்லாம் பட்டா எனக்கு நல்லதுதான் நடக்கும்." அவன் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, இனிமே நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். உன் கிட்னி எனக்கு வேணும். நான் வாழணும் அண்ணே. ஆனா நீ பாதியில விட்டே, நான் நிஜமாவே செத்து, ஆயுசுக்கும் உன்னைச் சாதா குடிக்க வச்சிடுவேன், பார்த்துக்கோ."

ஹுஸ்னி அந்தப் பெரிய கையால் அவள் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். தெருவில் பாதிப் பேர் அழுதார்கள். வாசலில் நின்றவள் உரக்கக் குலவையிட்டாள். நானும் அழுதேன், பிறகு எல்லோரையும் வேலையைப் பார்க்கச் சொல்லி விரட்டினேன்.

அதன்பின் எனக்கு வேலை மிச்சம். தெருவே காவல் காத்தது. ஹுஸ்னி மிட்டாய்க்கடைப் பக்கம் கண்ணைத் திருப்பினால் போதும், கடைக்காரன், "ஹாஜி, வீட்டுக்குப் போங்க," என்று தட்டை மூடிவிடுவான். சாயங்கால நடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆற்றங்கரையில் தொப்பைகள் ஊர்வலம் போகும். விலை பேச வருகிறவர்கள்கூட, "எனக்கும் சாதா," என்று கேட்டு வாங்கி, முகத்தைச் சுளித்துக் குடித்தார்கள்.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் வீட்டு மெஷினில் எண்பத்தொன்பது கிலோ எண்ணூறு கிராம். நான் சலவைக்கல்லைத் துடைக்கத் துணியை நனைத்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. ஹுஸ்னி கஃப்ர் சஅத் என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சாமான் இறக்கப் போயிருந்தான்.

"தஹானி, இங்க ஒரு குடும்பம் உடையப் போகுது," என்றான் கிசுகிசுப்பாக. "பொண்ணோட அப்பா, 'என் வீட்டு வாத்தைச் சாப்பிடாமப் போனா என் பொண்டாட்டி எனக்கு விவாகரத்து'ன்னு சத்தியம் பண்ணிட்டார். அந்தம்மா கரண்டியோட நின்னுக்கிட்டு என்னையே முறைக்குது. ஒரு கால் எவ்வளவு?"

"தோலோடயா?"

"தோலோட."

"ஐந்நூறு."

"ரெண்டு கால்?"

"ஹுஸ்னி!"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

ஒரு காலைச் சாப்பிட்டு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தான். ஐந்நூறு கலோரிக்குக் கொழுப்பு அறுபது சொச்சம் கிராம்தான். அதற்கு நான் பயப்படவில்லை. கல்யாண வீட்டுச் சமையலின் உப்புதான் பயம். உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு நாளில் இறங்காது. மெஷினுக்கு எது தண்ணீர் எது கொழுப்பு என்று தெரியாது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஹுஸ்னி செருப்பைக் கழற்றினான், கடிகாரத்தைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான். தொளதொளத்த கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறினான். விதாத் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் மாஹிர் குனிந்து பார்த்தார்.

தொண்ணூறு, நூறு கிராம்.

ஆபரேஷன் முடிவு செய்கிற குழு அன்றைக்குத்தான் உட்கார்ந்தது. அடுத்தது ரமலான் கழித்துத்தான். டாக்டர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார். "நான் சொன்னது தொண்ணூறு," என்றார்.

"டாக்டர்," என்றான் ஹுஸ்னி. இரண்டு காலையும் ஒழுங்காக ஊன்றி நின்றிருந்தான். "ஒரு கிட்னி எவ்வளவு எடை இருக்கும்?"

"நூத்தைம்பது கிராம். ஏன்?"

"அதை நீங்க எடுக்கத்தானே போறீங்க. இப்பவே கழிச்சுப் பாருங்களேன். நான் தொண்ணூறுக்குக் கீழேதானே இருக்கேன்?"

டாக்டர் அவனைப் பார்த்தார். சிரிப்பதா முறைப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் விதாத் என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"அது அவரோட எடை இல்ல டாக்டர்," என்றாள். "என்னோடது. இத்தனை நாள் அவர் சுமந்துட்டு வந்திருக்கார், அவ்வளவுதான்."

டாக்டர் மாஹிர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இயற்பியல் டீச்சர்தானே? சொல்லுங்க. இந்தக் கணக்கு சரியா?"

என் பள்ளியில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டு இரண்டு திட்டும் எழுதியிருப்பேன்.

"சரிதான் டாக்டர்," என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.